வெள்ளி என்று நினைத்து விளக்கிய சாடி

அக்கா,

இன்றைக்கு ரோவில் கடைத்தெருவில் ஒரு பழைய சாமான் கடைக்குள் சும்மா நுழைந்தேன். கண்ணாடி அலமாரியில் பளபளவென்று ஒரு பால் சாடி. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே விரலை விட்டேன். உள்பக்கம் வெறும் சுட்ட பழுப்பு மண். அவ்வளவுதான். எதையோ திருடிய மாதிரி விறுவிறுவென்று வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் போய் வருஷமாகிறது, நான் இன்னும் இப்படித்தான்.

கிளேட்டனில் இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் குடியிருந்த நாட்களை நினைத்தேன். நான் திருநெல்வேலிக்காரி, ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து இந்த நாட்டுக் குடிமகளும் ஆகிவிட்டவள், வாய் வேறு நீளம். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர், காய்கறி பொதி கட்டும் ஃபேக்டரியில் வேலை, கையில் தற்காலிக விசா. வண்டியே வராத ரோட்டில்கூட சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுவீர்கள். மழையில் நனைந்துகொண்டே நிற்பீர்கள். "மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லைக்கா, வாங்க!" என்று ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் அசையவில்லை. "மடியிலை ஒண்டுமில்லாதவைக்குத்தான் தங்கச்சி வழி முழுக்கப் பயம்" என்றீர்கள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன்.

சித்திரை வருஷப்பிறப்பு வந்தது. நிறைகுடம் வைக்க வேண்டும் என்றீர்கள், நம்மிடம் செம்பு இல்லை. வீட்டுக்காரம்மா தன் சாமான்களையெல்லாம் விட்டுவிட்டுத்தான் நமக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார், எதை வேண்டுமானாலும் எடுத்துப் புழங்கலாம் என்றும் சொல்லியிருந்தார். முன்னறையில் குளிர்காயும் கணப்பின் மேல்தட்டில், இன்று கடையில் பார்த்த மாதிரியே ஒரு வெள்ளிச் சாடி இருந்தது. "வெள்ளியிலேயே வைங்கக்கா, சாமி சந்தோஷப்படும்" என்றேன். ஆனால் நீங்கள் சும்மா எடுத்து வைக்கிற ஆளா? "விளக்காத வெள்ளியைச் சுவாமிக்கு முன்னாலை வைக்கிறதோ?" என்று புளியும் திருநீறும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனீர்கள்.

நான் முன்னறையில் மாவிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஐயோ" என்று ஒரு சத்தம், அதுவும் மெதுவாக. ஓடி வந்தேன். சாடியின் ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் சொறி பிடித்த மாதிரி பழுப்பு. அந்தப் பக்கத்து வெள்ளி முழுக்க உங்கள் உள்ளங்கையில் சாம்பலாக ஒட்டியிருந்தது. குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை.

"வீட்டுக்கார மனிசி பொலிசுக்குச் சொன்னால்?" என்றீர்கள்.

"ஒரு சாடிக்குப் போய் போலீஸா? சும்மா இருங்கக்கா."

அப்போதுதான் உங்கள் படகில் வந்த அந்தத் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டை, யாரோ போலீசைக் கூப்பிட்டார்கள், விசா போயிற்று, தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வேலிக்கே அது என்றால், பிறத்தியார் வெள்ளியைப் பாழாக்கியதற்கு என்ன? உங்கள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

வீட்டுக்காரம்மா இன்ஸ்பெக்ஷனுக்கு வர ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சின்னப் பையில் மாத்திரையும் உடுப்பும் எடுத்து வைத்தீர்கள். என்னத்துக்கு என்று கேட்டேன். "கூட்டிக்கொண்டு போனால் எடுக்க நேரம் தரமாட்டினம்" என்று, ஏதோ ஊருக்குப் போகிறவர் மாதிரி சொன்னீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "நான்தான் தேய்ச்சேன்னு சொல்லிடறேன். என்னை யாரு புடிச்சுட்டுப் போறாங்கன்னு பார்ப்போம்" என்றேன். "வேண்டாம், பொய் சொன்னால் அது இன்னொரு கேஸ்" என்று வாயை அடைத்துவிட்டீர்கள்.

அந்தம்மா வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நீங்களே சாடியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, சுவரோடு சுவராக நின்றீர்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாருங்கள், விழுந்து விழுந்து சிரித்தார். அது வெள்ளியே இல்லையாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வெள்ளி வாங்க வசதியில்லாத வீடுகளுக்காகச் செய்த மண் சாடியாம். மேலே துளியூண்டு பிளாட்டினத்தை மெல்லிசாகப் பூசிவிட்டால் பார்க்கிறவர்கள் வெள்ளி என்றே நம்பிவிடுவார்களாம். "இது கறுக்கவே கறுக்காது. கறுக்காததை ஏன் தேய்த்தாய்?" என்று உங்களைக் கேட்டுவிட்டு, சாடியை உங்களையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உங்களுக்கு வரவில்லை. "தங்கச்சி, பொலிசுக்குச் சொல்லமாட்டா தானே? ஒருக்காக் கேட்டுப் பாரும்" என்று என் காதில் கிசுகிசுத்தீர்கள். கேட்டேன். அந்தம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து வந்து உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இல்லை, இல்லை என்றார்.

அவர் போன பிறகும் நீங்கள் அந்தச் சாடியைத் தொடவில்லை.

"என்ரை அறையிலை கிடந்தால் களவெடுத்ததெண்டு சொல்லுவினம். உம்மடை அறையிலை வையும்."

"அவங்களே குடுத்தாங்கக்கா! நம்ம கண்ணு முன்னாடி!"

"குடுத்ததுக்கு ஆர் சாட்சி?"

"நான் சாட்சி. போதுமா?"

"ஓம், நீர்தான் சாட்சி. மறந்திடாதேயும்" என்றீர்கள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒருநாள் காலை நீங்கள் வேலைக்கு எழும்பவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். வீட்டில் இப்படித் திடீரென்று ஒருவர் இறந்தால் போலீசும் வந்து பார்ப்பது இங்கே வழக்கம், எனக்கு அது தெரியாது. வந்துவிட்டார்கள் அக்கா, நீங்கள் யாருக்குப் பயந்தீர்களோ அவர்கள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேர். அதில் ஒரு பெண், உங்களுக்கு இவர் என்ன வேண்டும் என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

நான் சொன்னேன்: "அந்தச் சாடியை அவங்க எடுக்கல. வீட்டுக்காரம்மா குடுத்தது. நான் சாட்சி."

எந்தச் சாடி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கதிரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை, அழக்கூட இல்லை.

உங்கள் விசா முடிவு கடைசிவரை வரவில்லை. என் பைக்குள் இந்த நாட்டு நீலப் பாஸ்போர்ட் இருக்கிறது. யார் என்னை என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வாசலில் யாராவது தட்டினால், ஆளில்லாத உங்கள் அறைப் பக்கம் திரும்பி, "நீங்க உள்ளயே இருங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.