ஆராத்தித் தட்டின் மறுபக்கம்

மச்சாள்,

காலையிலிருந்து வெள்ளித் தட்டை மினுக்கிக்கொண்டிருக்கிறேன். விரல்களில் மினுக்குகிற மருந்தின் மணம் போகவில்லை. சனிக்கிழமை பேத்திக்குக் கல்யாணம். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் மோர்டன் மண்டபத்து வாசலில் ஆராத்தி. "நீங்கள்தான் எடுக்கவேணும், அப்பம்மா" என்று நேற்று வந்து நின்றாள். விதவைகள் எடுப்பதில்லை என்றேன்.

"ஏன்? ரீசன் சொல்லுங்கோ."

உம்முடைய கேள்வி அது. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே நீர் கண்ணை மூடிவிட்டீர்; அவளுக்கு உம்மை ஞாபகம்கூட இல்லை.

அமெரிக்காவில் நீர் இளம் வக்கீலாக இருந்தபோது, அண்ணன் வீடு என்று ஒவ்வொரு கோடையும் லண்டனுக்கு, எங்கள் கோலியர்ஸ் வுட்டுக்கு வருவீர். ஒருமுறை, மனைவியை இழந்த ஒருவரின் வழக்கோடு வந்தீர். வேலையிடத்தில் கணவன் இறந்தால் மனைவிக்கு நட்டஈடு கேள்வியில்லாமல் கிடைக்குமாம். மனைவி இறந்தால், அவளுடைய உழைப்பில் தங்கி வாழ்ந்ததைக் கணவன் நிரூபிக்க வேண்டுமாம். எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சம பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பு வாசகத்தை வைத்து நீர் அதை எதிர்த்தீர்.

"ஆம்பிளைக்கே வழக்குப் பேசுறீர்? பொம்பிளையளின்ரை குறையெல்லாம் தீர்ந்துபோச்சோ?" என்று கேலி செய்தேன்.

"அந்தச் சட்டம் குறைச்சுப் போட்டது அவரை இல்லை, மச்சாள். செத்த மனிசியை. அவள் உழைச்சது கைச்செலவுக்கு எண்டு நினைச்செல்லோ எழுதியிருக்கினம்."

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்தை உம்முடைய அண்ணனும் கைச்செலவு என்றுதான் சொல்வார். உமக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

வழக்கில் வென்றீர். சில வருடங்களில் நாம் இருவரும் கணவன்மாரை இழந்தோம். என் மகனுடைய கல்யாணத்தன்று, மனைவியை இழந்த உம்முடைய சித்தப்பா மாலையோடு வாசலில் முன்னுக்கு நின்றார். மாப்பிள்ளையின் தாய் நானும் அத்தை நீரும் கோட்டுகள் மாட்டியிருந்த மூலையில் நின்றோம்.

"நீதவான்மாரிட்டைக் கேட்டதை இஞ்சையும் கேளுமன்," என்றேன்.

"அந்த வாசகம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், மச்சாள். கல்யாண வாசலுக்கு வராது."

சிரித்துவிட்டு, என் சேலைக் கரையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டீர்.

சட்டப்படி சரியான விடை. கன்னியாஸ்திரிமாரிடம் படித்த எனக்குச் சரியான விடை என்றால் ஒரு மரியாதை, அதற்குமேல் கேட்கவில்லை. சட்டம் வராத இடத்துக்கு நாங்களே நடந்து போயிருக்கலாம் என்பது அன்று இருவருக்கும் தோன்றவில்லை. வாசல் அப்படியொன்றும் தூரத்தில் இருக்கவில்லை.

நேற்றுப் பேத்திக்குச் சொல்ல ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை. "எடுக்கிறன்," என்றேன்.

"மற்றப் பக்கம் பிடிக்க ஆர், அப்பம்மா?"

தட்டை இரண்டு பெண்கள் சேர்ந்தல்லவா பிடிக்க வேண்டும். பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யாரையாவது கேட்கத்தான் வேண்டும்.

இப்போது தட்டு நன்றாக மினுங்குகிறது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். மறுபக்கம் தாழ்ந்துபோயிற்று. நீர் பிடித்திருக்க வேண்டிய பக்கம்.