வேறு வாயில் நம் கிளோவிஸ் பாட்டு

நியூ ஆர்லியன்ஸ்
செப்டம்பர் 1956

அன்பு மகள் லொரேனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாந்தி நின்றதா, நிற்காவிட்டாலும் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கலிபோர்னியாவில் நல்ல வெண்டைக்காய் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தாய், கிடைத்ததைப் போட்டு சூப் வைத்துக் குடி. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் சாரம் ஏறிச் சுவர் பூசாமல் இருக்க மாட்டார், சொன்னால் கேட்கிற மனிதரா.

உன் தம்பி கிளோவிஸைப் பற்றித்தான் எழுத வேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஈஸ்டர் சமயத்தில் அவன் பாட்டு ரெக்கார்டாக வந்து, நம் கறுப்பு ஜனங்கள் கேட்கிற ரேடியோவில் ஓடியதும், தெருவில் என்னைப் பாட்டுக்காரன் அம்மா என்று கூப்பிட்டதும் உனக்குத் தெரியும். இப்போது அதே பாட்டை ஒஹையோவிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடி ரெக்கார்டு போட்டிருக்கிறான். திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் வேகிற வாசனைக்கு வீட்டுக்கு ஓடி வருகிறேன் என்று நம் பிள்ளை பாடினானே, அந்த இடத்தில் இவன் ஐஸ்கிரீம் என்று பாடுகிறான். ஐஸ்கிரீமுக்கு ஏதடி வாசனை. இருந்தும் ரேடியோவைத் திருப்பினால் அவன்தான், கடைக்குப் போனால் அங்கேயும் அவன்தான். ரெக்கார்டு கம்பெனிக்காரரிடம் தம்பி போய்க் கேட்டதற்கு, பாட்டு எழுதியவர் பெயர் உன்னுடையதுதானே, பெருமைப்படு என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டாராம். யாரிடம் போய் முறையிடுவது, போலீசிலா, கோயில் ஃபாதரிடமா. அந்தப் பையன் மேலும் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது, யாரோ கொடுத்ததைப் பாடியிருப்பான்.

போன மாதம் தம்பி பேட்டன் ரூஜில் வெள்ளைக்காரக் கல்லூரிப் பிள்ளைகளின் நடனத்துக்கு வாசிக்கப் போனான். அந்தப் பாட்டைப் பாடு என்று அவர்களே கேட்டார்களாம், இவனும் சந்தோஷமாகத் தன் பாணியில் பியானோவை அடித்து நொறுக்கிப் பாடினானாம். முடிந்ததும் ஒரு பெண் கிட்டே வந்து, அன்பாகத்தான், "நல்லாத்தான் பாடுறே, இன்னும் கொஞ்சம் பழகினா ரேடியோல பாடுறாரே, அவர மாதிரியே வந்துடும்" என்றாளாம். வீட்டுக்கு வந்தவன் இவ்வளவையும் சொல்லிவிட்டு, இங்கே வீட்டில் இருந்த அவனுடைய ஒரே ரெக்கார்டை முழங்காலில் வைத்து உடைத்தான், பியானோவை மூடினான், மறுநாள் அப்பாவோடு சாந்து குழைக்கப் போய்விட்டான். பேய்க்கூத்து என்று இத்தனை காலம் அவனைத் திட்டிய அப்பா, இப்போது வேலைக்குப் போகுமுன் பியானோவைத் துடைத்துத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார், சாயங்காலம் வந்து இவன் மூடுகிறான். இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நான் முழிக்கிறேன்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்திருக்கிறேன், எனக்கே தெரியாது. பின்னால் வந்து நின்றவன், "அம்மா, நீயும் அவன் பாடுற மாதிரிதாம்மா பாடுறே" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உடனே நம் பிள்ளை பாடுகிற மாதிரிப் பாடிக் காட்ட வாயைத் திறந்தேன். வரவில்லை, லொரேன். பெற்றவள் நான், இந்த வீட்டில் உட்கார்ந்துதான் அதைக் கட்டினான், எத்தனை தடவை கேட்டிருப்பேன், எனக்கு அந்தப் பையன் பாடினதுதான் வருகிறது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லி முகம் கழுவப் போய்விட்டான். நான் என்னடி செய்வேன்.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். கனமானது எதையும் தூக்காதே. தம்பி உனக்கு அனுப்பின ரெக்கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று மறக்காமல் எழுது. அதை இங்கே அனுப்பாதே, உடைத்துவிடுவான். நீ போட்டுக் கேள், கேட்டுக்கொண்டே இரு, அவன் எப்படிப் பாடினான் என்று நம்மில் ஒருத்திக்காவது ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஓடில்