பூட்டுவதற்கு முன்

மார்ச் 4

அன்புள்ள சகலைக்கு,

நாங்கள் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

‘மாநகர வரி நிர்வாகி’ என்று உங்கள் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டார்களாம். உங்கள் அண்ணி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என் பலகை தொங்கிய அதே ஆணி. நானே அடித்தது, கெட்டியாக இருக்கும். வாழ்த்துகள்.

என்னை நாய் உரிமப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை. நாய்கள் குரைக்கின்றன, சில சமயம் கடிக்கவும் செய்கின்றன. ஆனால் முகத்துக்கு நேராக வந்துதான் கடிக்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். தையல்கார அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் வரி கட்டத் தாமதமானது. அபராதத்தைத் தள்ளுபடி செய்தேன். அதற்கு நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. அதற்குக் கைமாறாக அந்த அம்மா எனக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்ததாக விசாரணையில் யாரோ சொல்லித்தான் என் நாற்காலி போயிற்று. அந்தக் கோட்டுக்கு நான் காசு கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர் நீங்கள். என் துணை அதிகாரி என்று உங்களையும் விசாரித்தார்களே, என்ன சொன்னீர்கள்? ஆபீசில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். உங்கள் வாயால் கேட்காமல் நான் எந்த முடிவுக்கும் வர மாட்டேன். மாதக் கடைசி வரை காத்திருக்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் சகலை


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஆசீர்வாதத்தில் அமோகமாக இருக்கிறேன். போகிற இடமெல்லாம் எழுந்து நிற்கிறார்கள்! நேற்று ஒரு ஓட்டல் முதலாளி எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். உங்கள் மைத்துனிக்குப் பெருமை தாங்கவில்லை. “இத்தனை நாள் எங்கேங்க ஒளிஞ்சுக்கிட்டிருந்தீங்க?” என்கிறாள்.

ஒரு உதவி அண்ணே. அந்த விதிப் புத்தகம் தலையணை தடிமன் இருக்கிறது. திறந்தாலே கொட்டாவி வருகிறது. எனக்கு என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்று நீங்களே சுருக்கமாக எழுதி அனுப்புங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் தலைகீழ்ப் பாடமாயிற்றே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

என்றும் உங்கள்,
சின்ன சகலை


ஏப்ரல் 2

அன்புள்ள சகலைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. மறந்திருப்பீர்கள் என்று மறுபடி கேட்கிறேன். கோட்டு விஷயத்தில் என்ன சொன்னீர்கள்? இன்னும் ஒரு வாரம் பொறுக்கிறேன்.

“அவர் மேல ஏன் சந்தேகப்படறீங்க? என் தங்கச்சி புருஷன் அப்படியெல்லாம் செய்வாரா?” என்று உங்கள் அண்ணி எனக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் சண்டை போடுகிறாள். அவளுக்காகவாவது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகலை


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

பழைய கதை எதற்கு அண்ணே? நடந்தது நடந்துபோச்சு, அதையே கிளறிக்கொண்டிருந்தால் மனசுதான் கெடும். அதிகாரப் பட்டியலைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேயர் முன்னால் நான் யார் என்று காட்ட வேண்டும்.

என்றும் உங்கள்,
சின்ன சகலை


ஏப்ரல் 13

அன்புள்ள சகலைக்கு,

சரி. இனிக் கேட்க மாட்டேன்.

நீங்கள் கேட்டது இதோ. எந்தக் கடைக்குள்ளும் வேலை நேரத்தில் நுழையலாம். கணக்கை வாங்கிப் பார்க்கலாம். கணக்குக் காட்டாதவருக்கு நீங்களே வரி நிர்ணயிக்கலாம். அபராதம் போடலாம், தள்ளுபடி செய்யலாம், தள்ளுபடி செய்ததைத் திரும்பவும் எடுக்கலாம். பாக்கி வைத்தவர் கடையைப் பூட்டிச் சீல் வைக்கலாம். விதிப் புத்தகத்தின் முதல் பாதியை அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

உங்கள் சகலை


மே 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களை என்ன சொல்லிப் புகழ்வது! பதவிக்கு வந்து இரண்டு மாதத்தில் ஊரே நடுங்குகிறது.

ஒரு விஷயம் கேட்டால் வருத்தப்படுவீர்கள். தையல்கார அம்மாவின் பழைய தள்ளுபடியை ரத்து செய்துவிட்டேன். அது கிடந்தால் உங்கள் பெயருக்குத்தானே களங்கம்? ஆளனுப்பி நேற்று கடையையும் பூட்டியாயிற்று. “ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்கய்யா” என்று ஆபீஸ் வாசலில் வந்து நின்றாளாம். எனக்கு ஏது நேரம்? பத்திரிகையில் என் படம் வந்திருக்கிறது, பார்த்தீர்களா?

என்றும் உங்கள்,
சின்ன சகலை


ஜூன் 15

அண்ணனுக்கு,

நீங்கள் மனுஷனா?

மேல்முறையீட்டுக் குழு முன்னால் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்களே, எப்படி மனசு வந்தது? சீல் வைக்கும் முன் கடைக்காரரை நிர்வாகியே நேரில் அழைத்துக் கேட்க வேண்டும், அது அவருடைய முதல் கடமை என்று அந்தத் தையல்காரப் பெண்பிள்ளை விதியின் எண்ணோடு சொல்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? கோட்டுக்குக் காசு வாங்கியதையும், நான் பக்கத்தில் நின்றதையும் சேர்த்துப் போட்டு உடைத்துவிட்டாள். என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கடை பூட்டிக் கிடந்த நாளுக்கெல்லாம் என் கைக்காசிலிருந்து நஷ்டஈடு தர வேண்டுமாம். பொய்ச்சாட்சிக்குத் தனி விசாரணை வேறு.

தெரிந்தே பாதியை மறைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீர்கள். கொலைகாரனைக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தண்டிக்கிறார்கள். நான் ஏன் அப்படிச் சொன்னேன், என்ன நெருக்கடி என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்கள் மைத்துனி அழுத கண்ணும் மூக்குமாக இருக்கிறாள். இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்களை அண்ணன் என்று நம்பியவன்


ஜூன் 18

ஐயா,

நீங்கள் அதிகாரத்தைக் கேட்டீர்கள், அதை எழுதி அனுப்பினேன். கடமையைக் கேட்டிருந்தால் அதையும் அனுப்பியிருப்பேன். புத்தகத்தின் பின் பாதி முழுக்க அதுதான். உங்கள் மேஜை மேலேயே இருந்தது.

தையல்கார அம்மாவின் கடையைத்தான் முதலில் பூட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டுவதற்கு முன்பே அவரைப் போய்ப் பார்த்து எல்லாம் சொன்னேன். “பூட்டட்டுங்கய்யா, அன்னிக்கு விசாரணையில என்னைய ஒருத்தருமே கூப்பிடல. இப்பவாவது கூப்பிடுவாங்கல்ல” என்றார். மேல்முறையீட்டை அன்றைக்கே எழுதி வைத்தோம்.

எனக்கு வருத்தம் இருக்கிறதா என்றால், இல்லை. வயிறு குளிர்ந்திருக்கிறது. உங்கள் அண்ணிக்குக் குளிரவில்லை. தன் தங்கையை நினைத்து அழுகிறாள், என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அது என் கணக்கில் இருக்கட்டும்.

ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டேன். மார்ச் நாலாம் தேதி கேட்டேன், மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்தேன். ஏப்ரலில் மறுபடி கேட்டேன். பழைய கதை எதற்கு என்றீர்கள். அதன் பிறகுதான் உங்களைப் பூட்டினேன்.

இப்படிக்கு,
நாய் உரிமப் பிரிவு அலுவலர்

பி.கு.: உங்கள் வீட்டு நாயின் உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க என்னிடம்தான் வர வேண்டும். வாருங்கள், உட்கார வைத்து, சொல்வதை எல்லாம் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுவேன்.