மாலே வழியாக வீட்டுக்கு

டண்டினொங், மெல்பேண்
8 பெப்ரவரி 2026

அன்பின் மிருணா,

தொலைபேசியில் கதைத்தால் நான் அழுகிறேன், நீர் கோபிக்கிறீர், அத்தோடு அழைப்பு முடிந்துவிடுகிறது. அதனால் ஆறுதலாக இருந்து மின்னஞ்சல் எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியப் பாஸ்போட் வந்துவிட்டது. படகில் வந்து பதினாலு வருசத்துக்குப் பிறகு நானும் ஒரு நாட்டுக் குடிமகன். வேலைத்தலத்தில் கேக் வெட்டினார்கள். உம்மை நினைத்து இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

சித்திரையில் உம்மை மாலைதீவில் சந்திக்கப் போகிறேன். மாலே விமானநிலையம் கடலுக்குள் தனித் தீவாம், வாசலிலேயே வள்ளம் நிற்குமாம். ஊருக்குப் போகப் பயந்த எங்கடை ஆட்கள் பலர் இப்படித்தான் மூன்றாம் நாட்டில் குடும்பத்தைச் சந்திக்கிறார்கள். இங்கே விமான ரிக்கற் போடும் மகேந்திரராஜா அண்ணை எனக்குப் பதிந்துவிட்டார். பிரதியை இணைத்திருக்கிறேன். உமக்கும் போடட்டுமா?

உமது,
இந்திரகுமார்


பருத்தித்துறை
10 பெப்ரவரி 2026

அன்பின் இவருக்கு,

பாஸ்போட் செய்தியை வேலை நேரத்தில் வாசித்து ஆஸ்பத்திரி வார்ட்டிலேயே அழுதுவிட்டேன். நோயாளிகள் எனக்குத் தண்ணீர் தந்தார்கள். கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

நான் மாலேக்கு வரமாட்டேன். தாலி கட்டி ஏழு மாதம் என்னோடு இருந்த மனிசனை நான் ஏன் ஹோட்டலில் போய்ப் பார்க்க வேண்டும்? வெளிநாட்டில் இருந்து ஆள் வந்தால் இங்கே எப்படிக் கூட்டி வருவது என்று மறந்துபோச்சா? வான் பிடித்து, இடியப்பமும் சம்பலும் கட்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, குலுக்கலில் பாதிப் பேர் சத்தி எடுத்து, கொழும்பில் கட்டுநாயக்கா விமானநிலைய வாசலில் போய் நிற்போம். ஊரில் யாருக்கு ஆள் வந்தாலும் நானும் வானில் ஏறுவேன். போன கிழமை பத்மா அக்காவின் மகனைக் கூட்டி வரப் போனேன். திரும்பி வரும்போது அவ கேட்டா:

"உன்ர மனிசன் எப்ப பிள்ளை வாறார்? அங்க வேற குடும்பம் ஏதும் வைச்சிருக்கிறாரோ?"

வான் முழுக்கக் கேட்டது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று. ரிக்கற்றை வடிவாக வாசித்தீர்களா? மெல்பேண், கொழும்பு, மாலே. கட்டுநாயக்காவில் இறங்கி ஐந்து மணித்தியாலம் உள்ளே இருக்கப் போகிறீர்கள். எந்த இடத்துக்குப் பயந்து ஓடுகிறீர்களோ, அந்த இடத்துக்குள்ளாலேயே ஓடுகிறீர்கள்! நல்ல கெட்டிக்காரர்.

அவ்வளவு தூரம் வந்தால் வெளியே வாருங்கள். வராவிட்டால் இனி நான் காத்திருக்கமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் ஆறிய பிறகுதான் எழுதுகிறேன்.

மிருணாளினி


டண்டினொங்
15 பெப்ரவரி 2026

அன்பின் மிருணா,

வெட்கமாக இருக்கிறது. நான் மாலே என்ற பெயரை மட்டும்தான் பார்த்தேன். மகேந்திரராஜா அண்ணையிடம் ஓடினேன். "உள்ளுக்கதானே தம்பி இருக்கப் போறீர், அது இலங்கைக் கணக்கில வராது" என்கிறார்.

வெளியே வர எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதேயும். இங்கே ஸ்பிரிங்வேல் தமிழ்க் கடைகளில் ஆளுக்கு ஒரு கதை. ஒருவரை விமானநிலையத்தில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். இன்னொருவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். எதை நம்புவது? குடியுரிமை தந்த மண்டபத்தில் சீருடை போட்ட காவலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மற்ற வாசலால் சுற்றிப் போனேன். கட்டுநாயக்காவில் அதிகாரியின் மேசைக்கு முன்னால் தனியாக நின்றால் என் பெயரே எனக்கு மறந்துபோகும்.

எனக்கு வேறு குடும்பம் இல்லை. பயம் மட்டும்தான் இருக்கிறது. என்னைக் கைவிடாதேயும்.

இந்திரகுமார்


பருத்தித்துறை
21 பெப்ரவரி 2026

என் அன்பானவருக்கு,

இதை முதலே எழுதியிருந்தால் நான் அப்படி எழுதியிருக்கமாட்டேன். பயம் என்று ஒருநாளும் சொல்லாமல் விசா, வேலை, குளிர் என்று கதையை மாற்றினால் எனக்கு எப்படித் தெரியும்?

நல்லாய் யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நானும் மாலேக்கு வருகிறேன். கட்டுநாயக்காவில் நீங்கள் ஏறும் அதே விமானத்தில் நானும் ஏறுவேன். நீங்கள் உள்ளே இருந்து வாருங்கள், நான் வெளியே இருந்து வருகிறேன். மாலேயில் நாலு நாள் இருப்போம். கடலைப் பாருங்கள், மீன் சாப்பிடுங்கள், என்னோடு சண்டை பிடியுங்கள். திரும்பும்போது இருவரும் கட்டுநாயக்காவில் இறங்கி, ஒன்றாகவே வெளியே வருவோம். வான் வாசலில் நிற்கும். பத்மா அக்காவை முன் சீற்றில் இருத்தச் சொல்லிவிட்டேன்.

விமானநிலைய அதிகாரிகள் ஏதும் கேட்டால் கேட்கட்டும். நீங்கள் போன நாளில் இருந்து எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் "புருசன் எங்கே" என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். நான் தனியாகவே பதில் சொல்லிப் பழகிவிட்டேன். இந்த முறை இருவரையும் சேர்த்துக் கேட்கட்டும். ஒரே வரிசையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ரிக்கற்றை மாற்றுங்கள். மறுப்புக் கேட்கமாட்டேன்.

உங்கள் மிருணா


டண்டினொங்
2 மார்ச் 2026

என் மிருணா,

ரிக்கற்றை மாற்றிவிட்டேன். மாலேயில் இருந்து கொழும்பு, பிறகு ஊரில் மூன்று கிழமை. இலங்கை விசாவுக்கு விண்ணப்பித்தேன், அதுவும் கிடைத்துவிட்டது. விண்ணப்பத்தில் யாரைப் பார்க்கப் போகிறீர் என்ற இடத்தில் உமது பெயரை எழுதினேன்.

ஆனால் ஒன்றை விசாரித்து அறிந்தேன். நாங்கள் ஒரே வரிசையில் நிற்க ஏலாது. இலங்கைப் பாஸ்போட் உள்ளவர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு வேறு வரிசை. இதை வாசித்த அன்று ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். உமக்குப் பொய் எழுத விருப்பமில்லை. பிறகு வேலை முடிந்து ஸ்டேசனில் இருந்து வீடுவரை யோசித்துக்கொண்டே நடந்தேன். தனியாகவே நிற்பேன் மிருணா. கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லுவேன்.

வெளிநாட்டவரின் வரிசை கெதியாக நகருமாம். அப்படியென்றால் நான்தான் முதலில் அந்தப் பக்கம் போய்ச் சேருவேன். வாசலுக்குப் போகமாட்டேன். பத்மா அக்கா கை காட்டினாலும் போகமாட்டேன்.

நீர் ஆறுதலாக வாரும். நான் நிற்கிறேன்.

உமது,
இந்திரகுமார்