ஸ்டார்ட் பட்டனை யார் அழுத்துவது

10 மார்ச், செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. ஸ்வெட்டர் காயவில்லை, ஈரத்தோடுதான் தேயிலைத் தொழிற்சாலைக்கு. இலை உலர்த்தும் டிரையருக்கு நான் டிசைன் செய்த புது கண்ட்ரோல் பேனல், கடைசிச் சோதனை. ஒயர் நம்பர் எல்லாம் சரி.

வியாழன் பூஜை, திறப்பு. பட்டனை அழுத்தப்போவது எங்கள் ஆபீஸ் ஜூனியர் தினேஷாம். ஈப்போ ஆபீஸிலிருந்து பாஸ் போன்: "மாலா, அவன் நல்லா பேசுவான்லா. நீ பேனல் பக்கத்துல நில்லு, போதும்."

நான்கு மாதம் டிராயிங் போட்டது நான். அவன் செய்தது பேனல் ஸ்கிரீனில் அசையும் பச்சை இலை. எஸ்டேட் துரை அதில் மயங்கிவிட்டார். வயிறு எரிகிறது.

தானா ராத்தா கடைத்தெருவில் வாங்க: கேபிள் டை, அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

11 மார்ச், புதன்
பனி. எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை. இந்த வாரம் அம்மா வீட்டில் தங்கல். இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவள், லயம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள்: "நாளைக்கு எம் மகதான் மெசின ஓட வைக்கப்போறா. எல்லாரும் வந்துருங்க!"

உண்மையைச் சொல்லாமல் அவள் மூட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

தினேஷ் புதுச் சட்டையைக் காட்டினான். "அக்கா, இந்தக் கலர் ஓகேவா?" நன்றாகத்தான் இருந்தது. சுமார் என்றேன்.

12 மார்ச், வியாழன்
வெயில். அவனுக்கென்று வானமும் வெளுத்துவிட்டது.

தேங்காய், கற்பூரம். அம்மா சந்தனக் கிண்ணத்தை வாங்கி மெசின் முழுக்கப் பொட்டு வைத்தாள். துரை பேச்சு: "இது முழுக்க தினேஷோட மூளை." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒயரைப் பார்த்தேன்.

தினேஷ் அழுத்தினான். ஓடவில்லை. மறுபடி. இல்லை. ஸ்கிரீனில் சிவப்பு: பெல்ட் அடைப்பு. பெல்ட்டில் ஒரு இலைகூடக் கிடையாது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி.

எனக்குத் தெரியும், சென்சார்தான். எதிரே ஏதாவது மறைத்தால் பெல்ட்டை நிறுத்திவிடும் சின்னக் கண். இன்னும் கொஞ்சம் திண்டாடட்டும், பிறகு துரை முன்னால் போய்க் காட்டலாம் என்று மெதுவாக நடந்தேன்.

கண்ணின் மேலேயே சந்தனம், கெட்டியாக. அம்மா வைத்தது.

பின்னால் லயத்து ஆட்கள் அத்தனை பேரும். இதைக் காட்டினால் அம்மாவையும் காட்டிக்கொடுக்க வேண்டும்.

கும்பிடுகிற மாதிரி குனிந்து துடைத்தேன். "தினேஷ், இன்னொரு தடவ அழுத்து."

ஓடியது. கைதட்டல், விசில். பூமாலை அவன் கழுத்தில்.

அம்மா வடை வாளியோடு வந்தாள். "பாத்தியா, அந்தத் தம்பி கை பட்டதும் ஓடிருச்சு! கெட்டிக்காரப் பையன்லா. நீயும் அவன்கிட்ட நாலு விசயம் கத்துக்கடி."

அவனுக்கு மூன்று வடை. எனக்கு ஒன்று.