செல்வியின் ரோஜாப்பூ

செவ்வாய், இரவு.

படுத்தால் தூக்கம் வரவில்லை. இன்று கம்பெனி வேன் எங்களோடு வேலை செய்யும் செல்வியை விட்டுவிட்டு வந்துவிட்டது.

சத்தியவேட்டிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு எங்கள் வேனில் வருகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. நான்தான் அட்மின். விடிந்தால் போதும், ரோஜாப்பூ, முருகர், பெருமாள் என்று ஆளுக்கொரு காலை வணக்கப் படம். வேன் எங்கே வருகிறது என்ற செய்தி அதில் புதைந்துபோகும். எரிச்சலில் நேற்று அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டேன். குழு சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமை வேறு.

"செல்விக்காக ரெண்டு நிமிஷம் நின்னிருக்கலாமே அண்ணா," என்று டிரைவர் முனிரத்தினத்திடம் கேட்டேன்.

"படம் போட்டா அந்தப் பொண்ணு வரும், நின்னுக்கினு இருப்பேன். போடலன்னா லீவு. இன்னிக்கு ஒருத்தர் படமும் வர்ல. யாருக்குன்னு நிக்கிறது தம்பி?"

வேனில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அட்மினுக்குத் தெரியவில்லை.

அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் ஷிப்ட் தொடங்கிவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். சூப்பர்வைசர் அவளைப் பற்றி மேலே என்ன எழுதி அனுப்பினாரோ.

சாயங்காலம் குழுவுக்குப் போட்ட பூட்டை எடுத்துவிட்டு, "இனி எல்லோரும் படம் போடலாம்" என்று எழுதினேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், செல்வியும். ஒருவரும் பதில் போடவில்லை.

நாளைக் காலை அவள் ரோஜாப்பூ வராவிட்டால், அது லீவா, கோபமா, வேலையே போய்விட்டதா? முனிரத்தினம் அண்ணன் எதுவென்று நினைத்து வண்டியை எடுப்பார்?