முட்கம்பிக்குள் ஒரு வேலிச் சண்டை

ஹரோ, லண்டன், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

ஊரில் ஆமி முகாம் போடப் பிடித்த எங்கள் காணிகளைத் திருப்பிக் கொடுக்கப் புதுச் சட்டம் வருகிறதாம். சொந்தக்காரர் நேரில் போய் எல்லை காட்ட வேண்டுமாம், பக்கத்து வளவுக்காரர் சாட்சி சொல்ல வேண்டுமாம். முகாமின் முட்கம்பிக்கு வெளியே நின்று எந்த எல்லையைக் காட்டுவது? இதை எதிர்க்கத்தான் நேற்று இங்கே ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் ஊர்ச்சனம் கூட்டம் வைத்தோம்.

நான் பேசத் தொடங்கவே, ஊரில் எங்கள் பக்கத்து வளவு அம்பலவாணன் அண்ணை எழும்பினார்.

"பிள்ளை, அந்தக் கிளுவை வேலி எங்கடையெல்லோ?"

"இல்லை அண்ணை, அது எங்கட வேலி."

அவ்வளவுதான். ஆமி எப்போதோ புல்டோசரால் வழித்த வேலிக்காகச் சபையே இரண்டுபட்டுக் கத்தியது. மண்டபத்தைப் பூட்ட நேரமாகியும் எதிர்ப்பு மனுவில் ஒரு வரி எழுதவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

பஸ் தரிப்பில் அவரும் நானும் முகம் பார்க்காமல் நின்றோம். இந்த லண்டனில் எங்கள் வீட்டைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான், அம்மா.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது அவருக்கும் ஒரு பை வையுங்கள். வேலி அவருடையதுதான் என்றால் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
சுகந்தி